தலையும் முன்னால் போகாமல், காலும் முன்னால் போகாமல்

போன மழைக்காலத்தில் எனக்கே மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தேன். ஒரு நர்ஸ் வந்து கட்டிலின் கால்மாட்டில் குனிந்து ஏதோ கைப்பிடியைச் சுற்றினாள். தலைமாடு தானாக எழுந்து என்னை உட்கார வைத்தது. மூக்கில் குழாயைச் சொருகி ஆக்சிஜனைத் திறந்துவிட்டாள். நான் பழைய கம்பவுண்டர் என்பது அவளுக்குத் தெரியும். "சிலிண்டரெல்லாம் இல்லாத காலத்துல மூச்சுத் திணறல் கேஸை எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். பேசக் கூடாது என்று அவளே சொல்லியிருந்ததால், எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். டாக்டர் கையெழுத்தைவிடக் கம்பவுண்டர் கையெழுத்து எப்போதும் தெளிவாகவே இருக்கும், பயப்பட வேண்டாம்.

நான் கொல்லிமலை அடிவாரத்துக்காரன். வீட்டில் நிலம் இருந்தது, என் கைக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை. சேலத்தில் கம்பவுண்டர் வேலை கற்றேன். பொடி இடித்தது, மிக்சர் கலக்கியது, பாட்டிலுக்கு அளவுக் காகிதம் வெட்டி ஒட்டியது, திட்டு வாங்கியது என்று அந்தக் காலம் ஓடிப்போனது. வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம். பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கட்டடம், ஒரு வராந்தா, உள்ளே நாலு கட்டில், வாசலில் ஒரு புளியமரம்.

டாக்டர் ஞானமுத்து திருநெல்வேலிக்காரர். மனிதர் நல்ல உயரம். யாரையும் 'வே' போட்டுத்தான் பேசுவார். முதல் நாள் என்னை 'வே' என்றபோது கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன். அது அவர் ஊரில் மரியாதைதான் என்று பிறகுதான் புரிந்தது. நோயாளி எதிரில் உட்கார்ந்ததும் என்ன உடம்புக்கு என்று கேட்க மாட்டார். சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார். பேனா மேசைமேல்தான் கிடக்கும். தேடுகிற சாக்கில் அந்த ஆளின் நெஞ்சும் வயிறும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாடியைப் பிடிச்சிக்கிட்டே மூச்ச எண்ணும் வே. மூச்ச எண்ணுதோம்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா மூச்சே வேற மாதிரி ஆயிரும்" என்பார். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின்மேல் ஓட விடுவதற்கு எனக்கு நெடுநாள் பழக வேண்டியிருந்தது. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிறவரின் மூச்சை எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள்.

சந்தை நாளில் அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் மருந்தகத்தில் எப்போதும் இருக்கும், குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்குக் கொடுப்போம். அதில் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வராந்தாவில் வைப்பார். பப்பாளி இலைத் தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும் அல்லவா, அதை வெட்டி யாராவது ஒருவர் கையில் கொடுத்து, தண்ணீருக்குள் ஊதச் சொல்வார். ஊத ஊதத் தெளிந்த நீர் மோர் மாதிரி வெளுக்கும். அடுத்து இன்னொரு டம்ளரில் சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். அது அப்படியே தெளிவாக நிற்கும்.

"பம்புல போறது வெளிக்காத்து. உம்ம வாயில வாரது உடம்பு கழிச்சுப்போட்ட காத்து. கரியமில வாயு. நீங்க எல்லாரும் மூச்சுன்னா உள்ள இழுக்கறது மட்டுந்தான்னு நெனைக்கீங்க. உள்ள போற பிராணவாயு ரத்தத்துல ஏறணும், இந்தக் கழிவு ரத்தத்துல இருந்து இறங்கி வெளிய போகணும். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் கெட்டுப்போகும்" என்பார்.

சனங்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்களோ இல்லையோ, யாருடைய மூச்சுக்கு அதிகம் வெளுக்கிறது என்று போட்டி போட்டார்கள். மாட்டுத் தரகர் ஒருவர் கண் பிதுங்க ஊதிவிட்டு, "நம்மளுதுதானுங்க கெட்டியா இருக்குது!" என்று பெருமையாகச் சொன்னார். டாக்டர் சிரித்துச் சிரித்து இருமினார்.

இவ்வளவு குஷியான மனிதருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை போய்விடும். மலையிலிருந்து நோயாளிகளைக் கம்பளியில் படுக்கவைத்து, கம்பளியின் இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டி, தூளியாகத் தூக்கி வருவார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது, ஒற்றையடித் தடம்தான். காய்ச்சல்காரர் வருவார், கால் முறிந்தவர் வருவார், எல்லாரும் ஓரளவு நல்லபடியாகவே வந்து சேர்வார்கள். மூச்சுத் திணறல்காரர் மட்டும் உதடு நாவல்பழ நிறத்தில், கண் செருகி வருவார். சிலர் வராந்தாவிலேயே போய்விடுவார்கள்.

"ஏன் இவ்வளவு முத்தவிட்டுக் கொண்டாந்தீங்க?" என்று டாக்டர் சத்தம் போடுவார்.

"காத்தால நல்லாத்தானுங்க பேசிக்கிட்டிருந்தாரு" என்பார்கள்.

எல்லாரும் ஒரே மாதிரி இதையே சொல்வார்கள். அவர் நம்பியதில்லை. திட்டுக்குப் பயந்து சொல்கிறார்கள் என்றே நினைத்தார்.

மலைக்காய்ச்சல் அதிகமாக இருந்த ஒரு வருஷம், கொய்னா மாத்திரைகளைச் சுமந்துகொண்டு இருவரும் மலைமேலிருக்கும் குண்டனி நாட்டுக்கு ஏறினோம். பாதி வழியில் டாக்டர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இறைத்தும் வாய் ஓயவில்லை. "பாத்தீரா வே, காலு வேல செய்யுது, கரியமில வாயு கூடிப்போச்சு. வெளிய தள்ளு, வெளிய தள்ளுன்னு மூளை விரட்டுது. அதான் இந்த இறைப்பு" என்றார். எனக்கும் இறைத்தது, ஆனால் நான் பேசவில்லை.

மறுநாள் காலை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஊர்க்கவுண்டரைப் பார்க்க வரும்படி அழைத்தார்கள். அவர் பெயர் சடையன். அந்த ஊருக்கு நியாயம் சொல்கிறவர். வீட்டு வாசலில் தூணைப் பிடித்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் வந்து, விலாவில் குத்தல் வந்து, அப்புறம் மூச்சு திணறத் தொடங்கியதாம். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் அவரால் பேச முடிந்தது.

"படுக்கவே... முடியமாட்டீங்குதுங்க... படுத்தா... அமுக்குது" என்றார்.

டாக்டர் அவர் முதுகில் இடது கை விரலை வைத்து, அதன்மேல் வலது கை விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். இடது பக்கம் காலிக் குடம் போல ஒலித்தது. வலது பக்கம் நடு முதுகுக்குக் கீழே கல்லைத் தட்டுவது போல் ஒலியே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "வலது நெஞ்சுக்கூட்டுல தண்ணி கட்டியிருக்கு. அந்தப் பக்கத்து நுரையீரல் நசுங்கிக் கிடக்கு. ஒரு பக்கத்தை வெச்சுக்கிட்டு ஓட்டுதாரு மனுசன். இன்னைக்கே தண்ணிய எடுக்கணும்."

எடுக்கிற ஊசியும் குழாயும் கீழே மருந்தகத்தில் இருந்தன. ஆள் போய்க் கொண்டுவருவதென்றால் இறக்கமும் ஏற்றமும் ஆகும். சுமந்து போனால் இறக்கம் மட்டும்தான். படுக்கவைப்பது சரியில்லைதான், வேறு வழி தெரியாமல் தூளி கட்டச் சொன்னார். கவுண்டரின் தம்பி பொன்னான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். கவுண்டரைப் படுக்கவைத்து, காற்று படாமல் முகத்தையும் மூடி, இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். வீட்டுக்கு முன்னாலேயே சரிவு தொடங்குகிறது. நாலைந்து எட்டு இறங்கியிருப்பார்கள், கம்பளிக்குள் கவுண்டர் மீனாகத் துடித்தார்.

"எறக்குங்க! எறக்குங்க!" என்று டாக்டர் ஓடினார். துணியை விலக்கினால் உதடு நாவல்பழம். நிமிர்த்தி உட்காரவைத்தோம். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

டாக்டர் அந்தத் தூளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையை முன்னால் வைத்திருந்தார்கள். சரிவில் முன்னால் போகிறவர் தாழ்ந்திருப்பார், பின்னால் வருகிறவர் உயர்ந்திருப்பார். அப்படியானால் நோயாளிக்குத் தலை பள்ளத்தில், கால் மேட்டில். வயிறு முழுவதும் சரிந்து நெஞ்சின்மேல் ஏறும். நெஞ்சில் கட்டிய தண்ணீரும் தலைப்பக்கமாகப் பரவி, நல்ல இடத்தையும் அடைக்கும். அடிவாரம் வரைக்கும் அப்படியே. கால் முறிந்தவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

"அவங்க பொய் சொல்லல வே" என்றார் என்னிடம். "காலைல நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்திருக்காங்க."

உடனே தூளியைத் திருப்பச் சொன்னார். கால் முன்னால் போகட்டும், தலை மேட்டில் இருக்கட்டும் என்றார். தூக்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். பொன்னான்தான் பேசினார்.

"சாமி, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டுமுங்க. கால முன்ன விட்டு ஊரத் தாண்டறது பொணந்தானுங்க. அப்பிடி ஒருக்காப் போனவரு உசுரோட திரும்பி வந்தாலும், இந்த ஊருல அவரு செத்தவருதான். ஊட்டுக்குள்ள சேத்தமாட்டாங்க, கோயில்ல நிக்க முடியாது. இந்த வழக்கத்த நாலு பேருக்கு எடுத்துச் சொன்னவரே எங்கண்ணந்தானுங்க."

டாக்டர் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் தலையை ஆட்டினார். "செத்தாலும்... தலைதானுங்க... முன்ன" என்றார். அதைச் சொல்வதற்குள் அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. அடம் என்றால் அப்படி ஓர் அடம். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

தூக்குகிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து இறங்க முடியுமா என்று டாக்டர் கேட்டார். பொன்னான் தடத்தைக் காட்டினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். டாக்டர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றார். ஊரில் நாற்காலி இல்லை, இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து போகிற அகலம் தடத்தில் இல்லை. பேசிக்கொண்டே இருந்தால் ஆள் போய்விடுவார் என்று பயந்து நான் கவுண்டரின் நாடியைப் பிடித்து மூச்சை எண்ணத் தொடங்கினேன்.

அதுவரை கவுண்டரின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பாவாயி எழுந்தாள். வாரா வாரம் மிளகும் பலாப்பழமும் சுமந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குகிற பெண். நல்ல தோள். உள்ளே போய் ஒரு பழம்புடவையை எடுத்து வந்தாள்.

"ஏனுங்க டாக்டரு, உக்காந்தாப்புல போனா மூச்சு வருமில்லீங்க?"

"வரும் தாயி."

"அப்ப நான் முதுகுல கட்டிக்கிட்டுப் போறனுங்க. எம்புள்ளைங்கள இப்பிடிக் கட்டிக்கிட்டுத்தான் களை வெட்டுனேன். நட்டமா உக்காந்தா தலையும் முன்ன போவாது, காலும் முன்ன போவாது."

கூட்டம் அசந்துபோனது. பொன்னான் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்க்கவுண்டரு பொண்டாட்டி முதுகுல போறதா? பாக்கறவங்க சிரிப்பாங்க அண்ணி!"

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். அழுவறதுக்கு இது தேவலாம்."

ஓர் ஆள் விடவில்லை. முதுகில் கட்டினாலும் கால் இரண்டும் இடுப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டுதானே இருக்கும், அது கால் முன்னால் போவதாகாதா என்று கேட்டார். பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முன்ன போறது எங்காலு. எங்காலு போன பொறவுதான் அவரு காலு போவும். நீங்க வேணா வந்து அளந்து பாருங்க."

எல்லாரும் கவுண்டரைப் பார்த்தார்கள். நியாயம் சொல்ல வேண்டியவர் அவர். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அவ சொல்றது... செல்லும்" என்றார்.

டாக்டருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கவுண்டர் மனைவியின் முதுகில் சாய்ந்து, கைகளை அவள் தோள்மேல் போட்டதும், "இது நாம மூச்சுக்காரங்கள நாற்காலி முதுகுல கவுத்துச் சாய்ச்சு உக்காரவைப்போமே, அதே நெலைதான் வே!" என்று என் தோளில் ஓர் அறை விட்டார். கட்டு மட்டும் அவர் மேற்பார்வையில் நடந்தது. புடவை பிட்டத்தையும் தொடையையும் தாங்க வேண்டும், நெஞ்சை இறுக்கக் கூடாது. நான் கட்டினேன், அவர் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார்.

இறங்கினோம். பாவாயி சுமை தூக்கிப் பழகிய நடையில், குதிங்காலை ஊன்றி ஊன்றி இறங்கினாள். டாக்டர் முன்னால், நான் பின்னால். என் வேலை கவுண்டரின் உதட்டைப் பார்ப்பது. குனிந்து நடப்பவளின் முதுகில் இருக்கிறவரின் உதட்டை எங்கே பார்ப்பது? "தெரியல சார்" என்று கத்தினேன்.

"நீங்க பாக்கவேண்டாமுங்க" என்றாள் பாவாயி திரும்பாமலே. "எங்காதுக்குள்ளதான் விடறாரு. நின்னா நான் சொல்றேன்."

ஊர் எல்லை தாண்டியதும் பொன்னான் ஓடி வந்து வழியை மறித்தார். "எறக்குங்க அண்ணி. நீங்க சுமக்க, நான் கைய வீசிட்டு வாரதா?" என்று தன் முதுகைக் கொடுத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவர் பின்னாலேயே ஊர் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள், அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். நாவிதருக்குக் காத்திருக்கிற மாதிரி வரிசை பிடித்து நடந்தார்கள். கவுண்டர் ஒரு கட்டத்தில், "பொன்னான்... எலும்பெல்லாம்... குத்துது... அவளையே..." என்று இழுத்தார். இறைப்பும் களைப்புமாக இருந்த கூட்டம் முழுவதும் சிரித்துவிட்டது. பாவாயி மறுபடி முதுகைக் காட்டினாள்.

கடைசிச் சரிவுக்கு மேலே ஒரு வளைவில் அவள் சடாரென்று நின்றாள். "மூச்சு கொறையுதுங்க" என்றாள். டாக்டர் பாய்ந்து வந்து கன்னத்தில் தட்டினார். கவுண்டர் கண் செருகி, தூங்கி வழிந்தார். கழிவுக் காற்று ரத்தத்தில் ஏறிவிட்டால் முதலில் இறைக்கும், அளவு மீறினால் மயக்கம் போடும். "தூங்கவிடாதீங்க, பேச்சுக் குடுங்க!" என்று டாக்டர் கத்தினார். ஆளாளுக்குக் கவுண்டரைக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. பாவாயிதான் கழுத்தைத் திருப்பி, "தினை அறுப்பு எந்தக் காட்டுக்கு மொதல்ல? சொல்லுங்க. நீங்க சொல்லாம எவனும் அருவா எடுக்கமாட்டான்" என்றாள். கவுண்டரின் புருவம் நெரிந்தது. "கெழக்குக்... காட்டுக்கு" என்றார். மீதித் தூரம் முழுவதும் அவள் வழக்காகக் கேட்டுக்கொண்டே இறங்கினாள், அவர் தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று எத்தனை பேருக்குக் காடு கைமாறியதோ தெரியாது.

மருந்தகத்தில் கவுண்டரை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, அதன் முதுகுச் சட்டத்தின்மேல் கைகளை மடித்துத் தலை சாய்க்கச் சொன்னோம். நான் ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். டாக்டர் முதுகில் மறுபடி தட்டிப் பார்த்து, ஒலி அடங்குகிற இடத்துக்குக் கீழே நகத்தால் ஒரு கீறல் வைத்தார். அயோடின் தடவி, மரப்பு மருந்து போட்டு, விலா எலும்பின் மேல் ஓரத்தை ஒட்டி ஊசியை இறக்கினார். கீழ் ஓரத்தில் ரத்தக் குழாய் ஓடுகிறது, அங்கே போகக் கூடாது. பிஸ்டனை இழுத்ததும் வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்தில் வந்தது. டாக்டர் இழுப்பார், நான் குழாயின் திருகைத் திருப்புவேன், தண்ணீர் கிண்ணத்தில் விழும், மறுபடி திருப்புவேன். அவசரப்படவே மாட்டார். நசுங்கிக் கிடந்த நுரையீரல் மெதுவாகத்தான் விரிய வேண்டும். கவுண்டர் இருமத் தொடங்கியதும், உள்ளே இன்னும் தண்ணீர் இருந்தும், நிறுத்திவிட்டார். "மீதிய இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து வந்த மூச்சுக்காரர்கள் எல்லாரும் முதுகில்தான் வந்தார்கள். ஊர்க்கவுண்டரே போன வழி என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை. அந்தத் தடத்தில் நாவல்பழ உதட்டை நான் அப்புறம் பார்க்கவில்லை. நர்ஸ் கேட்ட கேள்விக்கு விடை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை எழுதாமல் பேனாவை மூட மனம் வரவில்லை.

தண்ணீர் எடுத்த பிறகு கவுண்டர் முழுசாக ஒரு வாக்கியம் பேசினார். "கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். டாக்டர் தலையணைகளை அடுக்கிச் சாய்த்தார், கொஞ்சம் பொறுத்து ஒன்றை எடுத்தார், பிறகு இன்னொன்றையும் எடுத்தார். கவுண்டர் மல்லாந்து, கால் நீட்டி, அப்படியே தூங்கிப்போனார். டாக்டர் கை கழுவப் பின்பக்கம் போனார். நான் ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். சொம்போடு திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவர் நீட்டிப் படுத்திருக்கிறார், வாய் மூடியிருக்கிறது, நெஞ்சுவரை வெள்ளைத் துணி. அவ்வளவு நாளாக வீட்டையே நிறைத்த, அன்று முழுவதும் அவள் காதுக்குள்ளேயே இறைத்த அந்தச் சத்தம் இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு வந்து, புறங்கையை அவர் மூக்கடியில் கொண்டுபோனாள். நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன்.

"வருதுங்க" என்றாள்.

"தூங்குறாரும்மா."

"சத்தமே காணமுங்களே?"

"நல்லா மூச்சு விட்டா சத்தம் கேக்காதும்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மலை முழுவதும் இறங்கியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவர் விழித்துக்கொள்ளக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். கையை மட்டும் அவர் மூக்கடியிலிருந்து எடுக்கவில்லை.